ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டினால் உண்மையிலேயே பலன் உண்டா?

ஒலிமரம்:

டூ-வே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி. முன்பலகை 22 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். விளிம்புகள் நேராக வெட்டியவை, உருட்டவில்லை. 25 மி.மீ. சாஃப்ட் டோம் ட்வீட்டர் (உயர் ஒலிகளை எழுப்பும் டிரைவர்; டோம் என்பது அதன் நடுவிலுள்ள மென்மையான குவிமாடம்), 104 மி.மீ. விட்டமுள்ள தட்டையான முகத்தகடு, பலகையோடு சமமாகப் பதித்தது. அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 9 செ.மீ. கீழே, பக்கவாட்டில் மிகச்சரியாக நடுவில். அதற்கு 15 செ.மீ. கீழே 16.5 செ.மீ. வூஃபர் (தாழ் ஒலிகளுக்கான டிரைவர்). கிராஸ்ஓவர் (ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று) 2.5 கிலோஹெர்ட்ஸ்.

நேர் எதிரே 1 மீட்டரில் மைக் வைத்து அளந்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் (ஒலி குறைகிறது), 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு (ஒலி கூடுகிறது). இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 3 டெசிபெல் வித்தியாசம். குரலில் ச, ஷ வரும் இடங்கள் உறுத்துகின்றன.

ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) ஒட்டினால் இது சரியாகுமா, அல்லது காதுக்குச் சொல்லும் சமாதானம்தானா? எத்தனை மி.மீ. தடிமன் வேண்டும்? துளை வட்டமா, சதுரமா? கைவினைப் பொருளாக விற்கும் 3 மி.மீ. ஒட்டும் ஃபெல்ட் போதுமா?

நுண்ணலை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

உங்கள் பள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்பு விளைவுதான். அதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். டோமிலிருந்து கிளம்பும் ஒலியில் ஒரு பங்கு முன்பலகையை ஒட்டியே பக்கவாட்டில் ஓடுகிறது. பலகை முடியும் இடத்தில் அதற்குப் பிடிமானம் திடீரென்று போய்விடுகிறது. அந்த விளிம்பே இரண்டாவது ஒலி மூலம் போல மறுபடி ஒலிக்கிறது, அதுவும் தலைகீழான துருவத்தில். நேரடி ஒலி முதலில் வருகிறது, விளிம்பின் ஒலி சற்றுத் தாமதமாக வருகிறது, இரண்டும் சேர்ந்தும் கழிந்தும் போகின்றன.

உங்களுக்கு ட்வீட்டரிலிருந்து பக்க விளிம்பு 11 செ.மீ. துருவம் ஏற்கெனவே தலைகீழாக இருப்பதால், பாதை வித்தியாசம் ஒரு முழு அலைநீளமாக இருக்கும்போது ஒன்றையொன்று கழிக்கும். அரை அலைநீளம், ஒன்றரை அலைநீளம் என்று வரும்போது கூட்டும். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால் பள்ளம் 343 ÷ 0.11 = சுமார் 3.1 கிலோஹெர்ட்ஸ். மேடுகள் 1.56, 4.7 கிலோஹெர்ட்ஸ். மேல் விளிம்பு 9 செ.மீ. என்பதால் அதன் பள்ளம் 3.8-இல், அடுத்த மேடு 5.7-இல் விழும். நீங்கள் சொன்ன 3-க்கு மேல் பள்ளம், 5 பக்கம் மேடு என்பதோடு இது ஒத்துப்போகிறது.

நடுவில் ட்வீட்டரை வைப்பதுதான் இதில் பெரிய தவறு. இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே தூரத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் கை கோக்கின்றன. 3 செ.மீ. தள்ளி வைத்திருந்தால் ஒரு பக்கம் 8, மறு பக்கம் 14 செ.மீ.; பள்ளங்கள் 4.3-க்கும் 2.45-க்கும் பிரிந்து தாங்களாகவே ஆழம் குறைந்திருக்கும். ஒலிப் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1951-இல் வெளியிட்ட அளவீடுகளில் ஒரே டிரைவரைப் பல வடிவப் பெட்டிகளில் வைத்துக் காட்டியது இதைத்தான். உருண்டையில் வளைவு வழவழப்பாக வந்தது. வட்ட முகத்தின் நடுவில் டிரைவர் வைத்த உருளையில் மேடு பள்ளம் மிக மோசமாக வந்தது, ஏனென்றால் அங்கே விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் சமதூரம்.

இனி ஃபெல்ட். நேராக வந்து மோதும் ஒலியை உறிஞ்ச, துளையுள்ள பொருளுக்குக் கால் அலைநீளத் தடிமன் தேவை என்பது பொதுவான கணக்கு. 3 கிலோஹெர்ட்ஸுக்கு அது சுமார் 29 மி.மீ. இங்கே நிலைமை கொஞ்சம் சாதகம்: ஒலி ஃபெல்ட்டின் மீது நேராக மோதவில்லை, அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டு பல சென்டிமீட்டர் ஓடுகிறது. வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழக்கிறது. ஆகவே 12 மி.மீ. கம்பளி ஃபெல்ட் 3 கிலோஹெர்ட்ஸில் ஓரளவும், 5-க்கு மேல் நன்றாகவும் வேலை செய்யும். 6 மி.மீ. என்றால் 5-க்கு மேல்தான் ஏதோ தெரியும். 3 மி.மீ. உங்கள் பள்ளத்தைத் தொடக்கூடச் செய்யாது, அலங்காரம்தான்.

இது சமாதானம் அல்ல என்பதற்கு பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ ஸ்பீக்கர் நல்ல சாட்சி. அதில் ட்வீட்டரைச் சுற்றி நான்கு தடித்த ஃபெல்ட் பட்டைகள் சதுரமாக ஒட்டப்பட்டிருக்கும். அதன் முன்பலகை சற்று உள்ளே தள்ளி, சுற்றிலும் மரச்சட்டம் எழும்பி நிற்பதால் அந்தப் பட்டைகள் இல்லாமல் முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கிராஸ்ஓவரே ஃபெல்ட்டை வைத்துக்கொண்டுதான் சரிசெய்யப்பட்டது. உங்களுடையது அப்படி இல்லை. சிக்கல் அங்கேதான் வரும்.

பலகைத்தச்சன்:

மேல சொன்ன கணக்கு சரி. ஒட்டுற வேலையை நான் சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் கெடுக்கிறது அங்கதான்.

பொருள்: அழுத்திச் செஞ்ச கம்பளி ஃபெல்ட், 12 மி.மீ. பாலியஸ்டர் கைவினை ஃபெல்ட் வேண்டாம். ரொம்பக் கெட்டியா, பலகை மாதிரி இருக்கிற தொழிற்சாலை ஃபெல்ட்டும் வேண்டாம், காத்து உள்ள போகவே போகாது. வாயை ஒட்டி வெச்சு ஊதிப் பாருங்க: தடுப்பு தெரியணும், ஆனா மறுபக்கம் காத்து வரணும். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு ஒலிக்கு மோசமில்ல, ஆனா சில வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்து டோம் மேல ஒட்டிக்கும். கம்பளிக்கு எதிரி பூச்சி மட்டும்தான்.

12 மி.மீ. கிடைக்கலன்னா 6 மி.மீ. ரெண்டை அடுக்கலாம். அப்படி அடுக்கும்போது நடுவுல பசையை முழுக்கத் தடவிடாதீங்க. பசை காஞ்சதும் ஒரு பிளாஸ்டிக் படலம் ஆயிடும், காத்து அதுக்குக் கீழ போகாது, கீழ் அடுக்கு சும்மா கிடக்கும். மூலைக்கு ஒண்ணா நாலு பொட்டு போதும்.

அளவு: உங்க பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 22 × 15.5 செ.மீ. துண்டு ஒண்ணு. ட்வீட்டர் மையத்துக்கு மேல 9, கீழ 6.5. கீழ்ப்பக்கம் வூஃபரோட தகடு வளைவுக்கு ஏத்த மாதிரி வில்லா வெட்டி எடுக்கணும். வூஃபர் தகட்டை ஒட்டி நிக்கலாம், ஆனா ரப்பர் சரவுண்ட் (கூம்பைச் சுத்தி அசையுற வளையம்) பக்கம் நீட்டவே கூடாது. பாஸ் அடிக்கும்போது அது வெளியே வரும், உரசினா சர்ருன்னு சத்தம்.

துளை: வட்டம் வேண்டாம். ட்வீட்டரோட மையம் ஒத்த வட்டத் துளைன்னா, ஃபெல்ட் தொடங்குற இடமே எல்லாப் பக்கமும் சமதூரம். பழைய சிக்கலைச் சின்ன அளவுல புதுசா உண்டாக்குறீங்க. 60 மி.மீ. சதுரம் போதும். பொறுமை இருந்தா எட்டு முனை நட்சத்திரம் மாதிரி வெட்டுங்க, முனைகள் மையத்துலேர்ந்து 26 மி.மீ., பள்ளங்கள் 42 மி.மீ. ட்வீட்டரோட முகத்தகட்டு மேலயும் ஃபெல்ட் ஏறும், ஏறட்டும். டோமைச் சுத்தியிருக்கிற வளையத்துலேர்ந்து குறைஞ்சது 6 மி.மீ. தள்ளி நிக்கணும்.

உள் ஓரத்தைச் செங்குத்தா விடாம 45 டிகிரி சாய்வா சீவுங்க. காரணம்: 12 மி.மீ. சுவர் டோமுக்கு 3 செ.மீ. தள்ளி நின்னா, பக்கவாட்டுல 68 டிகிரிக்கு மேல போற ஒலியை மறைச்சிடும். அது பரவாயில்ல. ஆனா 'இன்னும் தடியா போட்டா இன்னும் நல்லது'ன்னு 25 மி.மீ. போட்டீங்கன்னா 50 டிகிரியிலயே மறைப்பு தொடங்கிடும்.

வெளி ஓரம் பெட்டியோட விளிம்பு வரைக்கும் போகணும். அழகுக்காக 2 செ.மீ. மரம் தெரியட்டும்னு நிறுத்தினா, ஃபெல்ட் முடியுற கோடு ஒரு புது விளிம்பு, அதுக்கப்புறம் உண்மையான விளிம்பு வேற.

வெட்டுறது: கத்தரிக்கோல் வேண்டாம், ஓரம் சாஞ்சிடும். புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், அஞ்சாறு தடவை மெதுவா. முக்கியமா, வெட்டுற வேலை எதையும் ட்வீட்டர் பக்கத்துல செய்யாதீங்க. காந்தம் பிளேடை இழுக்கும், கை நழுவினா டோம் கிழிஞ்சது கிழிஞ்சதுதான். காகிதத்துல அச்சு வெட்டி, அதைப் பெட்டி மேல வெச்சுப் பார்த்துட்டு, வேற மேசையில வெட்டுங்க.

ஒட்டுறது: முதல்ல தற்காலிகமா. பெயின்டர் மாஸ்கிங் டேப்பை மரத்துல ஒட்டி, அது மேல டபுள் சைடு டேப், அது மேல ஃபெல்ட். நேரா டபுள் சைடு டேப்பை வெனீர் மேல ஒட்டினா, எடுக்கும்போது வெனீரோட வரும். ஸ்ப்ரே பசையை ஸ்பீக்கர் இருக்கிற அறையிலயே அடிக்காதீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி துண்டைத் தட்டி, வேக்குவம் பிடிச்சு, உதிரி இழைகளை எடுத்துடுங்க. ரிப்பன் ட்வீட்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம்.

ஒலிமரம்:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி 12 மி.மீ., சதுரத் துளை, சாய்வு ஓரம், மாஸ்கிங் டேப் மேல். அளந்த முடிவு: நேர் எதிரே பள்ளமும் மேடும் சேர்ந்து 3 டெசிபெல் இருந்தது இப்போது ஒன்றரை. ஆனால் 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்தமாகவே சுமார் 1 டெசிபெல் இறங்கிவிட்டது. உறுத்தல் போய்விட்டது. இதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுருதிபேதம்:

அவசரப்படாதீர்கள். உறுத்தல் போனது மேடு பள்ளம் குறைந்ததாலா, 1 டெசிபெல் இறங்கியதாலா? இந்த இரண்டையும் பிரிக்காமல் 'ஃபெல்ட் வேலை செய்கிறது' என்று எழுதுபவர்கள்தான் அதிகம். அந்தப் பகுதியில் ஒரு டெசிபெல் அகலமாக இறங்கினால் எந்த ஸ்பீக்கரும் சாந்தமாகத்தான் தோன்றும். அதற்கு ஃபெல்ட் வேண்டியதில்லை, ஈக்வலைசரே போதும்.

பிரித்துப் பார்க்க வழி எளிது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஃபெல்ட்டை வைத்துக்கொண்டு மற்றதில் எடுத்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மோனோவில் பிங்க் நாய்ஸும் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஒரு குரல் பதிவும் மாறி மாறி ஓட்டுங்கள். ஃபெல்ட் இல்லாத ஸ்பீக்கருக்கு ஈக்வலைசரில் 3–8 கிலோஹெர்ட்ஸை 1 டெசிபெல் இறக்கி, மற்றதோடு அளவு சமமாக்குங்கள். பிறகு இடத்தை மாற்றி வைத்து மறுபடியும் கேளுங்கள், ஏனென்றால் 40 செ.மீ. நகர்ந்தாலே அறையின் பங்கு மாறும். சமப்படுத்திய பிறகும் வித்தியாசம் தெரிந்தால் அது விளிம்பு விளைவு குறைந்ததன் பலன். தெரியாவிட்டால் நீங்கள் கேட்டது வெறும் டோன் கண்ட்ரோல்.

அடுத்தது, நேர் எதிர் அளவீட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடுவில் வைத்த ட்வீட்டருக்கு அதுதான் இருப்பதிலேயே மோசமான கோணம். 30 டிகிரி தள்ளிப் போனால் கிட்ட இருக்கும் விளிம்பின் பாதை வித்தியாசம் 11 × (1 − 0.5) = 5.5 செ.மீ., தூரத்து விளிம்புக்கு 16.5 செ.மீ. பள்ளங்கள் 6.2-க்கும் 2.1-க்கும் பிரிந்துவிடும். 3.1-இல் இருந்த பள்ளம் அங்கே காணாமல் போயிருக்கும். இதனால்தான் ஈக்வலைசரால் இதைச் சரிசெய்ய முடியாது: நேர் எதிரே நிரப்பினால் பக்கவாட்டில் அதே இடம் மேடாகிவிடும்.

இதையே சாதகமாக்கலாம், செலவே இல்லாமல். ஸ்பீக்கர்களை உங்கள் பக்கம் முழுதாகத் திருப்பாமல், அச்சு காதுக்கு வெளியே 10–15 டிகிரி போகும்படி வையுங்கள். ஃபெல்ட் ஒட்டும் முன்பே எல்லாரும் செய்ய வேண்டியது இது. வலைச்சட்டத்தைக் கழற்றுவதும் அப்படித்தான், 15–20 மி.மீ. மரச்சட்டம் ட்வீட்டர் பக்கத்தில் எழும்பி நின்றால் அது பெட்டியின் விளிம்பைவிடப் பெரிய தொல்லை.

'அறையின் எதிரொலி இதைவிடப் பல மடங்கு, இதற்கெல்லாம் ஏன் அலட்டல்' என்று ஒரு வாதம் வரும். அரை உண்மை. சுவரிலிருந்து வரும் எதிரொலி பல மில்லிவிநாடி கழித்து, வேறு திசையிலிருந்து வருகிறது. காது அதைத் தனியாகப் பிரித்துவிடும். விளிம்பின் ஒலி 0.3 மில்லிவிநாடியில், ஸ்பீக்கரின் திசையிலிருந்தே வருகிறது. அதைக் காதால் பிரிக்க முடியாது, ஸ்பீக்கரின் குணமாகவே கேட்கும்.

நுண்ணலை:

மேலே சொன்ன மோனோ சோதனையை நானும் வழிமொழிகிறேன். அளவீட்டில் ஒரு எச்சரிக்கை மட்டும். அறைக்குள் அளக்கும்போது தரையின் எதிரொலி வருவதற்கு முன் கேட் போட வேண்டும், அதாவது அதற்குப் பின் வரும் ஒலியை அளவீட்டிலிருந்து வெட்டிவிட வேண்டும். ட்வீட்டரும் மைக்கும் தரையிலிருந்து 1.2 மீட்டரில், இடையே 1 மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் பாதை 2.6 மீட்டர், வித்தியாசம் 1.6 மீட்டர், அதாவது 4.6 மில்லிவிநாடி. கேட்டை 4.5-இல் வையுங்கள். சுமார் 220 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் புள்ளிகள் உண்மையானவை. 3 கிலோஹெர்ட்ஸைப் பார்க்க இது தாராளம். ஸ்மூத்திங் (வளைவைச் சராசரியாக்கி மழுப்புவது) 1/24 ஆக்டேவுக்கு மேல் வேண்டாம். 1/3 ஆக்டேவ் போட்டால் நீங்கள் தேடுவதையே அது மெழுகிவிடும்.

0, 15, 30, 45, 60 டிகிரியில், ஃபெல்ட்டோடு ஒரு வரிசை, இல்லாமல் ஒரு வரிசை. மைக் ஸ்டாண்டை நகர்த்தாதீர்கள், ஸ்பீக்கரைத் திருப்புங்கள்; சுழலும் அச்சு ட்வீட்டரின் முகத்துக்கு நேர் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு கோணத்திலும் 'ஃபெல்ட்டோடு கழித்தல் இல்லாமல்' என்ற வித்தியாச வளைவைப் பாருங்கள். 15-க்கும் 30-க்கும் வளைவு வழவழப்பானால் நல்லது. 60-இல் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3, 4 டெசிபெல் இறங்கியிருந்தால் பக்கச் சுவருக்குப் போகும் ஒலி மங்கிவிட்டது. வெறும் சுவர்கள் உள்ள அறையில் அது நன்மை. திரை, சோபா, கம்பளம் நிறைந்த அறையில் ஒலி செத்துப்போனது போல இருக்கும்.

இறங்கிய அந்த 1 டெசிபெல்லுக்குக் காரணம் இதுதான்: வெறும் பலகை ட்வீட்டருக்கு ஒரு கண்ணாடி போல நின்று முன்பக்கத்துக்குக் கூடுதல் பலம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபெல்ட் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டது. ஃபெல்ட்டை நிரந்தரமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் கிராஸ்ஓவரில் ஈடுகட்டுங்கள். ட்வீட்டருக்குத் தொடராக 3.3 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 2.7 ஓமாக மாற்றினால், 6 ஓம் ட்வீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். முழு 1 டெசிபெல்லையும் துரத்த வேண்டாம். முன்பு 5 பக்கம் இருந்த மேடும் சேர்ந்துதானே குறைந்திருக்கிறது. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் இது உயர்த்தும் என்பதை மறக்காதீர்கள். மாற்றிய பிறகு ட்வீட்டரின் துருவத்தைத் தலைகீழாக்கி ஒருமுறை அளந்து, 2.5-இல் குழி ஆழமாகவும் இருபுறமும் ஒரே சீராகவும் விழுகிறதா என்று பாருங்கள். முன்பு நன்றாக விழுந்தது இப்போது கோணலாக விழுந்தால், கிராஸ்ஓவர் பக்கத்தில் ஃபேஸ் (இரு டிரைவர்களின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம்) நகர்ந்திருக்கிறது, ரெசிஸ்டரால் மட்டும் தீராது.

பலகைத்தச்சன்:

ஒரு பின்குறிப்பு. இதைப் படிச்சுட்டு வேவ்கைடு (டோமைச் சுத்தி கிண்ணம் மாதிரி வளைஞ்ச வாய்) போட்ட ட்வீட்டர் மேல யாரும் ஃபெல்ட் ஒட்டிடாதீங்க. வேவ்கைடு ஏற்கெனவே ஒலியைக் குவிச்சு முன்னால அனுப்புது, உயர் அதிர்வெண்கள்ல பலகை ஓரத்துக்குப் போறதே கொஞ்சம்தான். அதோட வாயில ஃபெல்ட் வெச்சா வளைவு கெடும்.

புதுசாப் பெட்டி கட்டுறவங்களுக்கு: ஃபெல்ட்டை நம்பி ஆரம்பிக்காதீங்க. ட்வீட்டரைப் பக்கவாட்டுல தள்ளி வைங்க, ரெண்டு பெட்டியும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கணும். விளிம்பை உருட்டுறதுன்னா 6 மி.மீ. ரவுட்டர் பிட் கைக்குத்தான் இதம், காதுக்கு ஒண்ணும் இல்ல. 18–20 மி.மீ. ஆரம் கூட மேல் அதிர்வெண்கள்லதான் உதவும். 3 கிலோஹெர்ட்ஸ்ல தெரியணும்னா 4–5 செ.மீ. அகலத்துக்குச் சாய்வா சீவணும், அதுக்குப் பக்கப் பலகைக்குள்ள முன்கூட்டியே முட்டுக்கட்டை வெச்சு ஒட்டியிருக்கணும். கட்டி முடிச்ச பெட்டியில சீவப் போனா உள்ள ஓட்டை விழுந்துடும்.

ஒலிமரம்:

மோனோ சோதனை முடிந்தது. ஈக்வலைசரில் சமப்படுத்தியதும் வித்தியாசத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பிங்க் நாய்ஸில் மட்டும், தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், ஃபெல்ட் உள்ளதில் நிறம் குறைவாக மாறுகிறது. 12 டிகிரி வெளியே திருப்பி வைத்ததும் குரலில் அந்த வித்தியாசமும் தெரியவில்லை. 60 டிகிரியில் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3 டெசிபெல் இறக்கம் இருக்கிறது.

சுருதிபேதம்:

அப்படியென்றால் உங்கள் ஸ்பீக்கரில் திருப்பி வைத்ததுதான் பெரிய வேலையைச் செய்திருக்கிறது. உறுத்தலுக்கு மருந்து ட்வீட்டரின் ஒலியளவைக் குறைப்பதில் இருக்கிறது, ஃபெல்ட்டில் இல்லை. ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, 3.3 ஓமை 3.9 ஆக்கிப் பாருங்கள். அரை டெசிபெல்லுக்குச் சற்று மேல் இறங்கும், பக்கவாட்டு ஒலியும் தப்பிக்கும். மாஸ்கிங் டேப்பை மட்டும் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், நாளானால் அதன் பசையும் மரத்தில் தங்கிவிடும்.